ஒரு ராத்திரி இருந்து பாருங்கள்

கிராமக் கலை காண வேன் பிடித்து வரும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ளவர்களே,

உங்களை எனக்குப் பேர் சொல்லித் தெரியாது, முகம் தெரியும். சனிக்கிழமை விடியலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, காஞ்சிபுரத்தில் இறங்கிக் கோயில் பார்த்து, இட்லி சாப்பிட்டு, பாலாற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வருகிறீர்கள். சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளைச் சிலர் கூட்டி வருகிறீர்கள், நம் ஊரை அதுகளும் பார்க்கட்டும் என்று. வேனைவிட்டு இறங்கியதும் குழந்தைகள் ஆட்டுக்குட்டியைத் துரத்துவதையும், பெரியவர்கள் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து காலை நீட்டுவதையும் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. தறி, கூத்து, வயல் வரப்பு, வாழை இலைச் சாப்பாடு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். எல்லாம் பார்த்தாகிவிடுகிறது. மாலை 6 மணிக்கு வேன் கிளம்பிவிடுகிறது.

அந்த 6 மணியைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் செய்யாற்றுக்காரன். பேச்சில் நாங்கள் செய்யார் என்போம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மனைவி ஆரணிப் பக்கத்துத் தறிக்காரக் குடும்பம். என் தகப்பனார், எந்த ஊரில் கூத்து என்று காதில் விழுந்தாலும் என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஏரிக்கரை ஏரிக்கரையாக நடந்துபோனவர். தூங்கிவிட்ட என்னை, கர்ணன் சாகும் நேரத்தில் தட்டி எழுப்புவார். கூத்தும் தறியும் எனக்கு வீட்டுச் சமாச்சாரம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஆற்றுக்குப் பழைய பெயர் சேயாறு. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாத்தில் அந்தப் பெயர் வருகிறது. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு: கூத்தராற்றுப்படை. இன்றைய செங்கமான செங்கண்மாவில் இருந்த நன்னன் என்ற அரசனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பலாமரத்தில் காய் தொங்குவதுபோல வாத்தியங்களைப் பைகளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் அவர்கள். எந்தச் சீறூரில் தங்கலாம், அங்கே என்ன சோறு போடுவார்கள், காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், எந்த இடத்தில் பாறை வழுக்கும், எங்கே கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். இருட்டிவிட்டால் நடக்காதே, தங்கிப் போ என்கிறான். பெருங்கௌசிகனார் பாடியது. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் வரும். எங்கள் ஆற்றங்கரையில் எழுந்த மிகப் பழைய பயணப் பாட்டு, கூத்துக்காரர்களுடைய பாட்டு.

அன்று நடந்தவன் கூத்தன். தங்க வைத்துச் சோறு போட்டது ஊர். இன்று பயணம் வருவது நீங்கள். கூத்தன் அதே ஊரில்தான் இருக்கிறான். ஆகவே இந்த முறை வழி சொல்ல வேண்டிய கடமை எங்களுடையது. பழைய பாட்டில் வரும் அந்த ஒரு சொல்லைத்தான் நானும் சொல்லப்போகிறேன்: தங்கிப் போங்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குழுவை அழைத்துவந்த ஏற்பாட்டாளர், மாந்தோப்பு ஒன்றில் நாற்காலி போட்டு, பகல் 12 மணிக்கு, ‘இருபது நிமிஷத்தில் கூத்து’ என்று நிகழ்ச்சி வைத்திருந்தார். கூத்துக்காரர்கள் ஐந்து பேர் காலை 9 மணிக்கே வந்து அரிதாரம் பூச உட்கார்ந்துவிட்டார்கள். முகத்துக்கு எண்ணெய் தடவி, வெள்ளை, சிவப்பு, கருப்பு என்று புள்ளி வைத்து, புருவம் வளைத்து, மீசை எழுதி முடிக்க இரண்டு மணி நேரம். அதன்மேல் கட்டை கட்ட வேண்டும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். அதில் கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியிருக்கும். லேசான மரம்தான் என்றாலும், கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பிறகு அந்த உச்சி வெயிலில் நிற்பது லேசான காரியமில்லை. துரியோதனன் வேஷக்காரருடைய தாடையிலிருந்து சிவப்புச் சாயம் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஆர்மோனியக்காரர் தன் துண்டால் அதை ஒற்றி எடுத்தபடி இருந்தார்.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆர்வமாகத்தான் கேட்டார்கள். ஒருவர், “துகிலுரியும் காட்சியை மட்டும் போட்டுக் காட்ட முடியுமா? அதுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை” என்றார். வாத்தியார் என்று நாங்கள் அழைக்கும் அந்தக் குழுவின் மூத்தவர், கை கூப்பிச் சொன்னார்: “அத பகல்ல ஆட மாட்டோம் சாமி. கற்பூரம் ஏத்தணும், அம்மன் முன்னால இருக்கணும். வேற எது வேணும்னாலும் கேளுங்க, செய்றோம்.”

கேட்டவருக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அங்கே எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர்களில் கூத்து, திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் ஓர் அங்கம். பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் ஏற ஏற, கொடி ஏறும் ஊர்களும் ஏறும். அக்கினி வசந்த விழா என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். பத்து நாள், பதினெட்டு நாள், இருபது நாள் கூட நடக்கும். மத்தியானம் பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். பல்லுப்போன கிழவிகள் முன்வரிசையில் உட்கார்ந்து, அடுத்தது என்ன வரும் என்று தெரிந்தும் கண்ணீர் விடுவார்கள். மத்தியானம் கேட்ட கதை ராத்திரி கூத்தாக வரும். வில்வளைப்பு, ராஜசூய யாகம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போர். பகாசுரன் நாளில் சோற்று வண்டி தெருத்தெருவாகப் போகும். தபசு நாளில் உயரமான பனைமரத்தைப் படி வைத்து நட்டு, அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடிக்கொண்டு உச்சிக்கு ஏறுவார். அங்கிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும், பிள்ளையில்லாத பெண்கள் ஈரத் துணியோடு கீழே மடி ஏந்தி நிற்பார்கள். சம்பந்தர் பாடி ஆண்பனை பெண்பனையாகிக் காய்த்தது என்று தலபுராணம் சொல்லும் திருவோத்தூர், எங்கள் செய்யாற்றுக் கோயில்தான். பனைமரமும் பிள்ளை வரமும் இந்த மண்ணில் இப்படிச் சேர்ந்தே இருக்கின்றன.

கூத்து ராத்திரி 10 மணிக்குமேல் தொடங்கும். முதலில் மேளம் கட்டுவார்கள். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம், அத்தோடு முகவீணை. முகவீணை என்றால் வீணையில்லை. நாகஸ்வரத்தின் குட்டித் தங்கை. அது ஒரு வீறலோடு எழும்போது இரண்டு மைல் தள்ளி ஏரிக்கரையில் படுத்திருக்கும் வாத்து மேய்க்கிறவனுக்கும் கேட்கும். இப்போது முகவீணை வாசிக்கிறவர்கள் அரிதாகிக்கொண்டு வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு கட்டியங்காரன் வருவான், சிரிக்க வைப்பான், ஊர் விவகாரத்தையும் இழுப்பான். அதற்குப் பிறகுதான் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து ஒரு ராஜா பாடுவான். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கால் சலங்கை கேட்கும். துணி நடுங்கும். அவன் முழுதாக வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் ஊரில் உங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மனிதர் கூத்தனுக்குள் ராஜாவை வரவழைத்துவிடுவார். இந்தக் காத்திருப்பை வெட்டிவிட்டு ராஜாவை மட்டும் காட்டினால், வெயிலில் வியர்க்கும் ஒரு வேஷக்காரர்தான் மிஞ்சுவார். மாந்தோப்பில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

நடு ராத்திரியில் அன்பளிப்புக்காக ஆட்டம் நிற்கும். ‘இன்னார் மகன் இன்னார் 100 ரூபாய்’ என்று மைக்கில் சொல்லி, அவர் குடும்பத்தை வாழ்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இதை இடையூறு என்று நினைக்காதீர்கள். மேலே நிற்கிறவனுக்கும் கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கும் உள்ள கணக்கு அங்கேதான் தீர்கிறது. 2 மணிக்கு டீ. 3 மணிக்குக் குழந்தைகள் எல்லாம் சுருண்டு படுத்துவிடும். துகிலுரியும் கட்டம் வரும்போது, துச்சாதனன் வேஷம் கட்டியவர் அம்மனை நோக்கி விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். சில ஊர்களில் வேஷக்காரருக்கே அருள் வந்து, நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் இருக்கும் பெண்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். இந்தக் காட்சியைத்தான் அன்று ஒருவர் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டார். பெரியவர் ஏன் கை கூப்பினார் என்று இப்போது புரிந்திருக்கும்.

கடைசி நாள் காலை படுகளம். மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த துரியோதனனை ஆள் உயரத்துக்குப் பல மடங்காகச் செய்து வைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடுவார்கள், மேலே ஏறிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே வைத்த சிவப்பு பொங்கும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிவாள். ஊரே அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் தீமிதி. இதை எந்த மேடையிலும் காட்ட முடியாது. காட்டவும் கூடாது என்பேன்.

சுருக்கமாக ஆடுவதே தப்பு என்கிறீர்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. எங்கள் செய்யாறு வட்டத்துப் புரிசையில் தம்பிரான் பரம்பரையினர் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடுகிறார்கள். நடேசத் தம்பிரானுடைய கூத்தைப் பார்த்து ஆடிப்போன எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். தமிழ் நவீன நாடகத்தின் போக்கையே திருப்பிவிட்டவர்களில் புரிசையாரும் உண்டு. கண்ணப்பத் தம்பிரான் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் வெண்கட்டி வட்ட நாடகத்தைக் கூத்தாக்கினார். நகரத்து அரங்குக்காக, வெளிநாட்டு மேடைக்காக அவர்களே உட்கார்ந்து யோசித்து, ஒன்றரை மணி நேரத்துக்குச் செதுக்கிய கூத்து தனிக் கலை. அதை அங்கே போய்க் கைதட்டிப் பாருங்கள். 1990இல் தொடங்கி, பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கமும் புதிய கூத்துகளை எழுதி அரங்கேற்றியிருக்கிறது. 2002 முதல் 2020 வரை அங்கே நடந்த குருகுலத்தில், ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண் குழந்தைகளும் கற்று, கட்டை கட்டிக்கொண்டு கர்ணனாகவும் துரியோதனனாகவும் ஆடினார்கள். மாற்றத்தை நான் வேண்டாம் என்பவன் இல்லை. என்ன மாற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதை ஆடுகிறவன் தீர்மானிக்க வேண்டும். வேன் திரும்பும் நேரம் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

கேரளத்தைப் பாருங்கள். கொச்சியில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரக் கதகளி உண்டு. ஒப்பனை போடுவதையும் உட்கார்ந்து பார்க்கலாம். அது பயணிகளுக்காக ஏற்பட்டது, எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே கேரளத்தில், கண்ணூரிலும் காசர்கோட்டிலும் தெய்யம் என்னும் தெய்வ ஆட்டம் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள், எந்தக் காவுக் கோயிலில் எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு, விடியற்காலை 3 மணிக்குப் பந்த வெளிச்சத்தில் ஊர்க்காரர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். தெய்யம் அவர்களுக்காக நேரம் மாறவில்லை. அதனால் அவர்கள் வருவதும் குறையவில்லை. இதைத்தான் எங்கள் பக்கத்துக்கும் கேட்கிறேன்.

தறிக்கு வருகிறேன்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, விலையும் கைக்கு எட்டும். தினசரி உடுத்துகிறவர்களும் பெண்ணுக்குச் சீர் வைக்கிற நடுத்தரக் குடும்பங்களும் தேடி வாங்குவது. கர்நாடகத்துப் பட்டு, சூரத்து ஜரிகை, எங்கள் ஊர்க் கை. எங்கள் பக்கம் நெய்த புடவை காஞ்சிபுரத்துக் கடைகளுக்குப் போய், அந்த ஊர்ப் பேரில் விலை போவதும் வழக்கம். கண்ணாடி அலமாரியில் நீங்கள் பார்த்து வியந்த புடவை, எங்கள் சந்து ஒன்றில் ஒழுகும் ஓட்டுக்கூரையின் கீழே, மழைக்குத் தறிமேல் பாலிதீன் கட்டி நெய்ததாக இருக்கலாம்.

என் மனைவியின் சித்தி வீட்டுத் தறியைப் பார்க்க ஒரு நாள் இப்படித்தான் ஒரு குழு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் முக்கால் பங்கு குழித்தறி. முப்பது பேர் உள்ளே நுழைந்தார்கள். சித்தப்பா குழிக்குள் காலை வைத்து மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வேறு நிறத்தில் கரை வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும், அதனால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடாவை எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்று சித்தி உட்கார்ந்திருந்தார். ஒரு பையன் ஆசையாகக் கையை நீட்டி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தடவினான். தடவினால் ஒன்றும் ஆகாது. கையில் கெடிகாரம் கட்டியிருந்தான். அதன் வார் மாட்டி இழுத்ததில் இழைகள் சரசரவென்று அறுந்தன. சித்தி ‘பரவால்ல கண்ணு’ என்றார். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இருந்து பார்த்தேன். சித்தி விளக்கைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, விரல் நுனியில் சாம்பல் தொட்டு, அறுந்த ஒவ்வொரு இழைக்கும் ஜோடி தேடினார். தலைமுடியைவிட மெல்லிய இழை. இந்த முனையையும் அந்த முனையையும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறுக்கு. முடிச்சு தெரியக் கூடாது, தெரிந்தால் சேலையில் பரு மாதிரி நிற்கும், கடைக்காரர் கூலியில் கழிப்பார். அப்புறம் அந்த இழையை விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் அதனதன் இடத்தில் ஏற்ற வேண்டும். ஓர் இழை பக்கத்து வீட்டுக்குப் போனாலும் கோடு விழும். மத்தியானம் 3 மணிக்கு உட்கார்ந்தவர் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நெசவாளிக்கு நாள் சம்பளம் கிடையாது, புடவைக்குத்தான் கூலி. அன்றைய பொழுதுக்கு யாரும் எதுவும் தரவில்லை.

தறியைத் தொடாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. சொல்லிக் கேட்டால் அவர்களே உங்கள் கையைப் பிடித்து நாடா ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் முப்பது பேராக வராதீர்கள். நாலு பேராக வாருங்கள். அதிகாலையில் வாருங்கள், தெருவில் பாவு நீட்டியிருக்கும் நேரம் அது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சிக்கெடுத்து உலர்த்திவிட வேண்டும் என்று ஆணும் பெண்ணும் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருப்பார்கள். மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை என்று ஒரு தெரு முழுக்க நிறம் ஓடுவதை நீங்கள் வேறெங்கும் பார்க்க மாட்டீர்கள். ராத்திரி தங்கினவர்களுக்குத்தான் அது கிடைக்கும். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி வருகிறவர்களுக்கு, சுருட்டி வைத்த பாவுதான் கிடைக்கும்.

அதே அதிகாலையில் இன்னொன்றும் பார்ப்பீர்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு, இருபது வயதுப் பெண்கள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். அதில் பாதிப் பேர் தறி வீட்டுப் பெண்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., பஸ். தறியில் இது எதுவும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மனைவியின் தங்கை மகளும் அந்த பஸ்ஸில்தான் போகிறாள். கிராம வாழ்க்கை பார்க்க வந்தவர்கள் அந்த பஸ்ஸையும் பார்த்துவிட்டுப் போங்கள். ஊரில் எந்தத் தெருவுக்கு உங்களை அழைத்துப் போனார்கள், எந்தத் தெருவுக்கு அழைத்துப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். காலனிக்குள்ளும் பறை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. ஊர்த் தெருவோடு நின்று திரும்புகிறவர் பாதி ஊரைத்தான் பார்த்தவர்.

காசு பற்றியும் கூச்சமில்லாமல் பேசிவிடலாம். நீங்கள் கொடுக்கும் தொகை குறைவு என்று நான் சொல்லவில்லை. அது வந்து சேரும் இடம்தான் சரியில்லை. மாந்தோப்பில் ஆடியவர்களுக்குக் கிடைத்ததைக் கேட்டு அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. உங்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினார்களே, அதில் ஒருவருடைய பங்கைவிடக் குறைவாக ஐந்து பேரும் சேர்ந்து பெற்றிருந்தார்கள். குஜராத்தில், கட்ச் பகுதியில், ஹோட்கா என்ற ஊரில் மண் வட்டக் குடில்கள் கட்டி ஊர்க்காரர்களே விடுதி நடத்துகிறார்கள். எத்தனை பேர் வரலாம், என்ன கொடுக்க வேண்டும் என்பதை ஊர்க் குழு முடிவு செய்கிறது. அப்படி ஒன்று எங்கள் பக்கம் வரும்வரை, ஏற்பாடு செய்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கூத்துக்காரருக்கு எவ்வளவு, தறிக்காரருக்கு எவ்வளவு? பதில் சொல்லத் தயங்குகிறவரோடு வராதீர்கள். புடவை வாங்குவதானால் நெய்தவர் வீட்டிலோ கைத்தறிச் சங்கத்திலோ வாங்குங்கள். பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு கோர்வைப் புடவையில் இரண்டு பேருடைய எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

வருகிற வழியில் பார்க்க எத்தனையோ இருக்கிறது. மாமண்டூரில் மகேந்திரவர்மன் காலத்துக் குகையில், அவன் எழுதிய மத்தவிலாசத்தின் பேர் வரும் கல்வெட்டு உண்டு. நாடகம் எழுதிய ராஜாவின் பாறை எங்கள் பக்கத்தில் இருக்கிறது என்று என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். குரங்கணில்முட்டத்திலும் பல்லவர் குடைவரை உண்டு. வந்தவாசிப் பக்கம் போனால் கோரைப்பாய் நெய்யும் வீடுகள். ஒரு பாய் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் ஊரில் நட்சத்திர ஓட்டல் இல்லை. லாட்ஜ் இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால், விழா நடக்கிற ஊரில் யாராவது திண்ணையும் ஒரு சொம்புத் தண்ணீரும் தருவார்கள், சோறும் போடுவார்கள். குழந்தைகளுக்குப் போர்வை எடுத்து வாருங்கள், சித்திரையிலும் விடியற்காலையில் ஏரிக்காற்று குளிரும். செல்போன் வெளிச்சத்தை வேஷக்காரர் கண்ணில் அடிக்காதீர்கள். கோயிலுக்குள் எங்கே நிற்கலாம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், சொல்வார். தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஊரும் அப்படித்தான் பார்க்கிறது. உங்கள் பேரப்பிள்ளை பாயில் சுருண்டுவிட்டால் விட்டுவிடுங்கள், கர்ணன் சாகும்போது தட்டி எழுப்புங்கள்.

பங்குனி பிறந்தால் செய்யாறு, ஆரணி, வந்தவாசி பஸ் நிலையச் சுவர்களில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். எந்த ஊர், என்ன கூத்து, எந்தக் குழு என்று அதில் போட்டிருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் உண்டு. சாயங்காலமே வந்துவிடுங்கள். கூத்து ராத்திரி 10 மணிக்குமேல் தொடங்கும், முடிய விடிந்துவிடும்.

அன்புடன்,
செய்யாற்றிலிருந்து ஒரு பழைய தமிழ் வாத்தியார்